மணியோசை கேட்டு ஓடிவந்த பிள்ளைகள்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குகளில் பூசை முடிவில் ஓர் அறிவித்தல் வாசிக்கப்படும். விடுமுறைக்கால விவிலிய வகுப்பு இன்ன நாளில் ஆரம்பமாகும், பெற்றோர் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பிவைக்கவும் என்பதே அது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது உங்கள் மனதில் என்னென்ன எண்ணங்கள் எழுகின்றன? பெரிய பிள்ளைக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, டியூசனுக்குப் போகட்டும். நடுப்பிள்ளை வீட்டில் நின்றால்தான் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியும். சின்னவன் விளையாட்டுப் பிள்ளை, அவனுக்கு என்ன விளங்கப்போகிறது? இப்படி எண்ணியபடியே அறிவித்தலை மறந்துவிடுகிறோம்.

பூனாகலையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். தாயும் தகப்பனும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து வீடு திரும்பும்வரை லயத்தில் பிள்ளைகள்தாம் இருப்பார்கள். பங்குச் சுவாமியாருக்கோ பல தோட்டங்கள். எல்லாக் கோவிலுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவரால் வர இயலாது. இந்நிலையில் நம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை யார் ஊட்டுவது, எப்போது ஊட்டுவது என்பது சிறிய கேள்வியன்று.

இக்கேள்விக்கு ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன்பே தம் வாழ்க்கையால் விடையளித்த ஒருவர் இருக்கிறார். அவர் படம் உங்கள் வீட்டுச் சுவரிலும் தொங்கக்கூடும். கையில் சிலுவையை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். புதுமைகள் செய்தவராக, கடல் கடந்து போனவராக அவரை அறிவோம். ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் முன்னே சிறுபிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? ஆம், புனித பிரான்சிஸ் சவேரியாரைத்தான் குறிப்பிடுகிறோம்.

இடிக்கப்பட்ட கோட்டை

சவேரியார் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் நாள் ஸ்பெயின் தேசத்தின் வடபகுதியில், அந்நாளில் தனி அரசாயிருந்த நவார் நாட்டில் பிறந்தார். சவேர் என்பது அவருடைய குடும்பத்தின் கோட்டைக்குப் பெயர். தந்தை அரசனுடைய ஆலோசகர். வீட்டில் இவரே கடைக்குட்டி.

செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் இன்பமாகவே வளர்ந்தார் என்று நீங்கள் எண்ணவேண்டாம். 1512-ல், இவருக்கு ஆறு வயதாயிருக்கையில், நவார் நாட்டை அயல் அரசு படையெடுத்துக் கைப்பற்றியது. 1515-ல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு அந்தக் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் பகைவரின் கட்டளையால் இடித்துத் தள்ளப்பட்டன. பத்து வயதுச் சிறுவன் தன் வீட்டின் சுவர்கள் விழுவதைக் கண்டான். இனி நம்பியிருக்க இவ்வுலகில் ஒரு சுவரும் இல்லை என்பதை இளமையிலேயே அறிந்துகொண்டான்.

இது நமக்குத் தூரத்துக் கதையல்லவே! 2014-ம் ஆண்டு ஒக்டோபர் 29-ம் நாள் காலையில் நமக்கு அருகே கொஸ்லந்தையில், மீரியபெத்தையில், மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. சுவர்கள் நிலையற்றவை. பிள்ளையின் உள்ளத்தில் எழுப்பப்படும் வீடு மாத்திரமே எந்த மழைக்கும் நிற்கும்.

பாரிஸ் நகரத்து அறை

1525-ல் சவேரியார் பாரிஸ் நகருக்குப் படிக்கச் சென்றார். படித்துப் பட்டம் பெற்று, மற்றவர்களுக்குத் தத்துவ சாஸ்திரம் போதிக்கும் ஆசிரியருமானார். பெரிய பதவி, பெரும் புகழ், இழந்த குடும்பப் பெருமையை மீட்பது, இவையே அவருடைய கனவுகள். அவருடன் ஒரே அறையில் பேதுரு பாவர் என்ற நல்லவர் தங்கியிருந்தார். பின்பு அவ்வறைக்கு வயதில் மூத்த ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். போரில் காலில் காயம்பட்டு நொண்டி நடந்தவர். அவரே லொயோலா இஞ்ஞாசியார்.

உலகம் முழுவதையும் வென்றாலும் தன் ஆன்மாவை இழந்தவனுக்கு என்ன பயன் என்ற ஆண்டவரின் கேள்வியை இஞ்ஞாசியார் சவேரியாரின் நெஞ்சில் மெல்ல மெல்ல விதைத்தார். அவர் உடனே இணங்கவில்லை. சில ஆண்டுகள் சென்றன. முடிவில் 1534-ம் ஆண்டு மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று மொன்மார்த்தர் குன்றின் சிற்றாலயத்தில் ஏழு நண்பர்களும் இறைவனுக்கு வாக்குக் கொடுத்தார்கள். 1537-ல் வெனிஸ் நகரில் சவேரியார் குருப்பட்டம் பெற்றார்.

1540-ம் ஆண்டு செப்டெம்பர் 27-ம் நாள் பாப்பரசர் இயேசு சபையை ஏற்று அங்கீகரித்தபோது, அச்சபை செய்யவேண்டிய வேலைகளில் ஒன்றாகச் சிறுபிள்ளைகளுக்கும் கல்வியறிவற்ற எளியோருக்கும் விசுவாச சத்தியங்களைப் போதிப்பது எழுதப்பட்டிருந்தது. பாரிஸ் கலாசாலையில் பட்டம் பெற்ற அறிஞர்கள் சேர்ந்து அமைத்த சபைக்கு இப்படி ஒரு வேலையா? ஆம், அந்த அறிஞர்கள் அதைத் தாழ்ந்த வேலையாகக் கருதவில்லை.

கோவாத் தெருக்களில்

இந்தியாவுக்கு அனுப்பப்பட இருந்தவர் வேறொருவர். அவர் நோயுற்றதால் சவேரியார் புறப்பட்டார். 1541-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் நாள், தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளில், லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். பதின்மூன்று மாதம் வழியில் கழித்து 1542 மே 6-ம் நாள் கோவாவை அடைந்தார்.

பாப்பரசரின் பிரதிநிதி என்ற பதவியுடன் வந்தவர் அவர். மாளிகையில் தங்கியிருக்கலாம். அவரோ மருத்துவமனையில் நோயாளரோடு தங்கினார். பின்பு ஒரு கைமணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மணியை ஆட்டியபடி, பிள்ளைகளையும் வீட்டு அடிமைகளையும் ஞானோபதேசத்துக்கு அனுப்பும்படி கூவிக்கொண்டே நடந்தார்.

பெரிய மனிதர் ஒருவர் தெருவில் மணியடித்துக்கொண்டு போவதைப் பார்த்து முதலில் சிலர் வியந்திருப்பார்கள். ஆனால் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் அவர் பின்னே கோவிலுக்குச் சென்றார்கள். அவர் செபங்களைப் பாட்டாகப் பாடச் செய்தார். பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் அவற்றையே பாடித் திரிந்தனர். பெரியவர்கள் முறைதவறி வாழ்ந்த ஒரு நகரத்தைத் திருத்த வந்தவர், பெரியவர்களிடம் நேரே போகாமல் பிள்ளைகளின் வழியாகப் போனார் என்பதைக் கவனியுங்கள்.

முத்துக்குளித்துறை

அதே 1542-ம் ஆண்டின் பிற்பகுதியில் சவேரியார் தெற்கே முத்துக்குளித்துறைக்குப் புறப்பட்டார். கன்னியாகுமரி முதல் தூத்துக்குடிக்கு அப்பாலும் நீண்டு கிடக்கும் அந்தக் கடற்கரையில் பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆயினும் அவர்களுக்குப் போதிக்க ஒருவரும் இல்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்தனர். ஒரு செபமும் தெரியாது, கட்டளைகளும் தெரியாது. குற்றம் அவர்களுடையதன்று, தண்ணீர் ஊற்றியவர்கள் தொடர்ந்து உரமிடவில்லை.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. அவருடன் கோவாவிலிருந்து சில தமிழ் இளைஞர் வந்திருந்தனர். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, பல நாள் உட்கார்ந்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கச் செய்தார். பாரிஸ் கலாசாலையின் ஆசிரியர், பள்ளிப் பிள்ளையைப் போல் அவற்றை ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்தார். பிறகு மறுபடியும் அந்த மணியைக் கையிலெடுத்தார்.

நாளுக்கு இரு தடவை மணி ஒலித்தது. கடற்கரை மணலில் பிள்ளைகள் கூடினர். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவருடைய உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் சிரித்திருக்கவும் கூடும். எனினும் ஒரு மாதத்தில் செபங்கள் அவர்கள் நாவில் ஏறிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுவதும் கூடிவந்து ஒரே குரலாய்ச் செபித்தது.

தோட்டத்தில் விவிலிய வகுப்பு நடத்த முன்வரும் இளைஞரே, யுவதிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. எங்களுக்குப் பேச வராது, படிப்புப் போதாது என்று நீங்கள் பின்வாங்குவதுண்டு. தமிழை ஒழுங்காகப் பேசத் தெரியாத ஒருவரே தமிழ்ப் பிள்ளைகளின் மிகச் சிறந்த உபதேசியார்களில் ஒருவராக விளங்கினார் என்பதை மறவாதீர்கள். பிள்ளைகள் ஆசிரியரின் சொல்வன்மையைப் பார்ப்பதில்லை. அவர் நாளைக்கும் வருவாரா என்றே பார்க்கிறார்கள்.

சின்ன உபதேசிமார்

இனிச் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையின் உயிர். சவேரியார் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததோடு நிற்கவில்லை. அவர்களையே உபதேசிமாராக்கினார்.

அன்று கற்றதை அன்றே வீட்டில் தாய் தகப்பனுக்கும், சகோதரருக்கும், அயலவருக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டளை கொடுத்தார். பகலெல்லாம் கடலில் உழைத்து வலையோடு திரும்பும் தகப்பனுக்குக் கோவிலில் வந்து உட்கார நேரமில்லை. ஆனால் இரவில் குடிசைக்குள் மகன் சொல்லும் மந்திரத்தைக் கேட்க நேரமிருந்தது. கோவிலுக்கு வராத தகப்பனின் காதுக்கும் செபம் போய்ச் சேர்ந்தது.

பல ஊர்களிலிருந்து நோயாளிகளுக்காகச் செபிக்கும்படி அவரை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒருவரே எத்தனை வீட்டுக்குப் போவார்? தமக்குப் பதிலாகச் செபங்களை அறிந்த பிள்ளைகளை அனுப்பினார். சிறுவர்கள் போய், நோயாளியின் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொல்லி, நோயாளிக்கு நம்பிக்கையூட்டினார்கள். அவ்வீட்டாரின் விசுவாசத்தையும் அப்பிள்ளைகளின் விசுவாசத்தையும் கண்டு ஆண்டவர் பலருக்குச் சுகமளித்தார் என்று உரோமையிலிருந்த தம் சகோதரருக்கு 1544-ன் தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில் சவேரியார் தெரிவித்தார். தமக்குச் செபிக்கவும், உண்ணவும், உறங்கவும் பிள்ளைகள் நேரம் கொடுப்பதில்லை, புதிய செபம் கற்றுத்தரும்படி விடாமல் கேட்கிறார்கள் என்பதையும் அதிலே மகிழ்ச்சியோடு குறிப்பிட்டிருந்தார்.

பெற்றோரே, இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். விவிலிய வகுப்பிலிருந்து வரும் பிள்ளையிடம் இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்டதுண்டா? ஊதாரி மைந்தன் உவமையை எட்டு வயதுப் பிள்ளை தன் சொந்தச் சொற்களில் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். களைத்து வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு அடுப்பருகில் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தில் கேளுங்கள். வகுப்பின் மறுபாதி உங்கள் வீட்டிலேதான் நடக்கவேண்டும்.

கணக்கப்பிள்ளை

சவேரியார் ஓரூரில் நிலையாகத் தங்கவில்லை. மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று சுடுமணலில் நடந்துகொண்டே இருந்தார். ஓர் ஊரை விட்டுப் போகும்போது செபங்களின் பிரதியொன்றை அங்கே விட்டுச் செல்வார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளவேண்டும்; நாள்தோறும் சொல்லவேண்டும். அதை நடத்த ஒவ்வோர் ஊரிலும் ஒருவரை நியமித்தார். அவருக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர்.

இந்தப் பெயரைக் கேட்டதும் நீங்கள் புன்னகை செய்வீர்கள். மலையகத்தில் கணக்கப்பிள்ளை என்றால் மலையில் நின்று வேலை வாங்குபவர், பேர் போடுபவர். முத்துக்குளித்துறையிலோ அதே சொல் ஊராருக்குச் செபம் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளைக் கூட்டி, சாகும் நிலையிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த உபதேசியாரைக் குறித்தது. ஒருவர் கொழுந்துக்குக் கணக்கு வைத்தார்; மற்றவர் ஆன்மாக்களுக்குக் கணக்கு வைத்தார்.

இவர்கள் பட்டினி கிடந்து போதிக்கவேண்டுமென்று சவேரியார் எதிர்பார்க்கவில்லை. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்காக அக்கரையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அத்தொகையைப் பிள்ளைகளுக்குப் போதிப்பவர்களின் சம்பளத்துக்குத் தந்துவிடும்படி அவர் அரசியைக் கேட்டுப் பெற்றார். மான்சிலாஸ் என்ற தம் உதவியாளருக்கு 1544-ல் எழுதிய கடிதங்களில் மக்களை அன்பினால் நடத்துவது பற்றியும் பிள்ளைகளின் போதனை பற்றியும் ஓயாமல் நினைவூட்டினார்.

இதில் பங்குச் சபைகளுக்கு ஒரு பாடமுண்டு. திருநாளுக்குப் பந்தல், மின்விளக்கு, வாணவேடிக்கை எல்லாம் வைக்கிறோம். வைக்கட்டும். ஆனால் விவிலிய வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொப்பியும் பென்சிலும், ஒருவேளை உணவும், தூரத் தோட்டத்திலிருந்து வரும் ஆசிரியைக்கு பஸ் கட்டணமும் கேட்டால் பணமில்லை என்கிறோம். அரசியின் காலணிக் காசையே பிள்ளைகளுக்குத் திருப்பிவிட்டார் சவேரியார். நம்முடைய பந்தல் காசில் ஒரு பங்கைத் திருப்ப நம்மால் முடியாதா?

குறையும் உண்டு

புனிதருடைய வாழ்க்கையை எழுதும்போது நிறைவை மாத்திரம் எழுதுவது வழக்கம். ஆனால் உண்மை நம்மை விடுதலையாக்கும் என்று போதிக்கும் நாம் உண்மையை மறைப்பது முறையல்ல. அந்நாளைய எண்ணப்படி, ஊரில் பழைய வழிபாடு நடக்கும் இடங்களுக்குச் சவேரியார் பிள்ளைகளை அழைத்துச் சென்று, சிலைகளை உடைக்கவும் அவமதிக்கவும் விட்டார். தம் கடிதத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இன்று நம் திருச்சபை அவ்வாறு போதிப்பதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் ஆண்டு ஒக்டோபர் 28-ல் வெளியிட்ட ஏட்டில், மற்ற சமயங்களில் உள்ள உண்மையானதும் புனிதமானதுமான எதையும் கத்தோலிக்க திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று தெளிவுபடுத்தியது. பூனாகலையில் ஒரே லயத்தில், சுவருக்குச் சுவர், இந்துக் குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பமும் வாழ்கின்றன. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டில் அடுப்பெரிவதில்லை. நம் பிள்ளை தன் விசுவாசத்தைக் கற்பது அயலவரை இகழ்வதற்காக அல்ல. அவரை ஆண்டவர் நேசிப்பதுபோல நேசிப்பதற்காக. அயலவரை இகழக் கற்பிக்கும் வகுப்பு எதுவானாலும் அது விவிலிய வகுப்பன்று.

இன்னொரு குறையும் இருந்தது. அவசரத்தில் ஆக்கிய அந்த முதல் மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. அவருக்குப் பின் வந்த அன்றிக் அன்றிக்கஸ் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்று அவற்றைத் திருத்தினார். 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலை அச்சிட்டார். பதினாறு பக்கமே கொண்ட ஞானோபதேச நூல் அது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. தமிழ் அச்சுக்கலை பிள்ளைகளும் எளியோரும் செபம் கற்பதற்காகவே இந்நாட்டார் கைக்கு வந்தது என்பதை எண்ணி நாம் பெருமைப்படலாம். மனப்பாடம் முதற்படி, விளக்கம் அடுத்த படி என்பதும் இதிலிருந்து விளங்கும். கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கும் பிள்ளையோடு நாம் திருப்திப்பட்டுவிடக் கூடாது.

துன்ப வேளையில்

பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த அதே மனிதர் மக்களின் துன்பத்தில் ஒதுங்கி நிற்கவில்லை. 1544-ல் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியபோது மக்கள் கடலிலுள்ள பாறைகளுக்கு ஓடித் தப்பினர். அங்கே பசியும் தாகமும் அவர்களை வாட்டின. சவேரியார் தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளை மறித்தது. அவர் தரைவழியே நடந்து அவர்களிடம் போனார்.

அதே ஆண்டில் மன்னார்த் தீவு மக்கள் அவரை அழைத்தனர். தாம் போக இயலாததால் வேறொரு குருவை அனுப்பினார். மன்னாரில் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். இதைக் கேள்வியுற்ற யாழ்ப்பாண அரசன் சங்கிலி படையுடன் வந்து அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றான். இலங்கைத் திருச்சபையின் முதல் இரத்தசாட்சிகள் அவர்களே. சில மாதங்களுக்கு முன்புதான் விசுவாசப் பிரமாணத்தைக் கற்றவர்கள், அதற்காக உயிரைக் கொடுத்தார்கள்.

தூரக்கரையில் மரணம்

1545-ல் சவேரியார் மலாக்காவுக்குச் சென்றார். அங்கிருந்து மொலுக்காத் தீவுகள். 1549 ஓகஸ்ட் 15-ல் ஜப்பான். போன இடமெல்லாம் செபங்களை அந்தந்த மொழியில் ஆக்குவித்து, பிள்ளைகளைப் பாடச் செய்தார். முடிவில் சீனாவுக்குள் நுழைய விரும்பி, அதன் கரையோரத்துச் சான்சியான் தீவில் கப்பலுக்குக் காத்திருக்கையில் காய்ச்சல் கண்டது. 1552-ம் ஆண்டு டிசெம்பர் 3-ம் நாள், 46-ம் வயதில், ஓலைக்குடிசையொன்றில் உயிர்விட்டார்.

அவ்வேளை அருகில் குருக்கள் யாருமில்லை. பக்கத்திலிருந்து அவருக்காகச் செபித்தவர் அந்தோனி என்ற சீன இளைஞர். கோவாவில் புனித பவுல் கல்லூரியில் கிறிஸ்தவக் கல்வி கற்றவர் அவர். ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவருக்கு, மரணத் தறுவாயில் செபம் சொன்னதும் அப்படிக் கற்ற ஒரு பிள்ளையே. 1622-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. 1927-ல் சிறுமலர் தெரேசம்மாளுடன் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக அறிவித்தது.

விதை என்ன ஆயிற்று?

ஒரு வகுப்பின் பலனைப் பத்து நாளில் அளக்க முடியாது. நூறாண்டு கழித்துப் பார்ப்போம். 1658-ல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் பிடித்தனர். இலங்கையில் குருக்கள் துரத்தப்பட்டனர். கோவில்கள் பறிக்கப்பட்டன. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1687-ல் புனித யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தபோது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. கழுத்தில் செபமாலையை அணிந்து, யார் அதை ஆவலோடு பார்க்கிறார்கள் என்று கவனித்து, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை ஒவ்வொரு வீடாகக் கண்டுபிடித்தார்.

குருவே இல்லாத அந்த முப்பது ஆண்டுகள் விசுவாசத்தைக் காத்தது எது? தாய் பிள்ளைக்கும், பிள்ளை தன் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்த அந்த மந்திரங்களே. கோவிலைப் பறிக்கலாம், மனப்பாடமான செபத்தை யார் பறிப்பார்?

பின்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்குமாக நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, பலர் மன்னார் வழியே காட்டுப் பாதையில் நடந்து, இம்மலைகளுக்கு வந்தார்கள். அவர்களில் கத்தோலிக்கராயிருந்தவர்கள் மூட்டையில் கொண்டுவந்த பொருள் கொஞ்சம். நெஞ்சில் கொண்டுவந்தது தாய் சொல்லிக்கொடுத்த செபம். அதனால் இன்று பூனாகலையில் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். 1972-ல் பதுளை தனி மறைமாவட்டமாக ஏற்படுத்தப்பட்டதற்கும் அந்தச் செபங்கள் அடித்தளமாயின என்றால் மிகையாகாது.

இனி நம் கடமை

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளை என்றென்றும் இம்மலையிலேயே இருக்கப்போவதில்லை. பதினேழு, பதினெட்டு வயதில் கொழும்புக் கடைக்கோ, ஆடைத் தொழிற்சாலைக்கோ, கடல் கடந்த நாட்டுக்கோ போகும். அங்கே தாயும் இல்லை, பங்குச் சுவாமியாரும் இல்லை. நல்லவர்போல் பேசிக் கெடுப்பவர்கள் உண்டு. சம்பளம் வந்த நாளில் போத்தலை நீட்டும் நண்பர்கள் உண்டு. தனிமையில் அழும் இரவும் உண்டு. அந்த இரவில் உங்கள் பிள்ளை எதைப் பற்றிக்கொள்ளும்? பத்து வயதில் மனதில் பதிந்த நல்லாயன் கதையும், தாவீதின் சங்கீதமும், பரலோக மந்திரமுமே அதற்குக் கைத்தடி. அந்தத் தடியை இப்போது கொடுக்காவிட்டால் பிறகு அஞ்சலில் அனுப்ப முடியாது.

டியூசன் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கல்வியே நம் மக்களுக்கு விடிவு. ஆனால் விடுமுறையில் ஒரு வாரமோ பத்து நாளோ, காலையில் இரண்டு மூன்று மணிநேரம் விவிலிய வகுப்புக்குக் கொடுத்தால் பரீட்சை கெட்டுவிடாது. கைக்குழந்தையைப் பார்க்கும் மூத்த மகளை அனுப்ப முடியவில்லையா? பிள்ளை மடுவத்தில் விட வழியுண்டா என்று பாருங்கள். இல்லையேல் அயல் வீட்டுப் பாட்டியிடம் சொல்லுங்கள். எப்போதும் அந்த ஒரு பெண்பிள்ளையே வீட்டில் நிற்கவேண்டுமென்பது நியாயமன்று.

வகுப்பை நடத்துவோரும் தோட்டத்தின் நேரத்தை அறிந்து நடத்தவேண்டும். சவேரியார் மக்களின் வேலை நேரத்துக்கு ஏற்பவே மணியடித்தார். பங்குக் கோவில் தூரமென்றால் வகுப்பு லயத்துக்கு வரட்டும். வாசிகசாலையோ ஒரு வீட்டுத் திண்ணையோ போதும். கடற்கரை மணலில் நடந்த வகுப்புக்குக் கூரை இருந்ததா? கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள், நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு செபத்தையோ ஒரு விவிலிய வசனத்தையோ வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். மாலையில் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவருக்கு ஐந்தாறு பிள்ளைகளின் குரல் எத்தகைய மருந்து என்பதை நீங்களே காண்பீர்கள்.

சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி ஆண்டவர் சீடர்களிடம் சொன்னார். தடுத்தவர்கள் பகைவர்கள் அல்லர், சீடர்களே. இன்றும் பிள்ளைகளைத் தடுப்பது நம்முடைய வேலைப்பளுவும் அசட்டையுமேயன்றி வேறில்லை.

அடுத்த ஞாயிறு அறிவித்தல் வாசிக்கப்படும்போது அதை ஒரு மணியோசையாக எண்ணுங்கள். கோவாத் தெருவிலும் மணப்பாட்டுக் கரையிலும் ஒலித்த அதே மணி இப்போது உங்கள் லயத்து வாசலில் ஒலிக்கிறது. பிள்ளையின் முகத்தைக் கழுவி, தலையை வாரி, கையில் கொப்பியைக் கொடுத்து அனுப்பிவையுங்கள். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.